ஆஸ்பத்திரிக் குழுவுக்கு யார் தலைவர்?

கூட்டம் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். வரவேற்புரை முடிந்து தேநீரும் வந்துவிட்டது. "சரி, தலைவராக யாரைப் போடுவோம்?" என்று ஒருவர் கேட்கிறார். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவரின் பெயர் சொல்லப்படுகிறது. "எனக்கு வேலை அதிகம், வேறு யாரையாவது போடுங்கள்" என்கிறார் அவர். "நீங்கள் பெயருக்கு இருந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வருகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். தெரிவு முடிந்துவிட்டது.

இப்படி முடிந்த கூட்டங்களில் நாம் எல்லோரும் இருந்திருக்கிறோம். கோவில் திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ இந்த முறை போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒரு பிரதேசத்தின் சுகாதாரத்தைப் பார்க்கும் சபைக்கு, அல்லது ஓர் ஆஸ்பத்திரியின் அபிவிருத்திக் குழுவுக்கு, "பெயருக்கு" ஒரு தலைவர் இருந்தால் என்ன நடக்கும்? அம்புலன்ஸ் வாகனம் பழுதானதை யார் எழுதிக் கேட்பது? மருந்து இல்லை என்று வெளியே அனுப்பப்பட்ட கர்ப்பிணித் தாயின் முறைப்பாட்டை யார் கூட்டத்தில் எடுப்பது? தலைவரைத் தேடுவதும் ஒரு வேலை. அதை எப்படிச் செய்வது என்பதை எருக்கலம்பிட்டியை முன்வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம்.

எருக்கலம்பிட்டிக்கு இது ஏன் முக்கியம்?

மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள எருக்கலம்பிட்டியின் கதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற நேர்ந்தது. எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வயல் செய்த குடும்பங்கள் விதைப்புக் காலத்திலேயே காணியை விட்டுப் போனார்கள். புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை பல்லாண்டுகள் நீண்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே படித்து, அங்கேயே மணமுடித்தார்கள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபின் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் திரும்பவில்லை. சிலர் திரும்பவே இல்லை. தகப்பன் மன்னாரில் தொழிலுக்கு வர, தாயும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளத்தில் இருந்த வீடுகள் பல. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே.

இந்த நிலைமை சுகாதாரத்தில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். எந்த ஊர்க்காரர் என்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் தடுப்பு வேலை அப்படி நடப்பதில்லை. அது பதிவேட்டை வைத்து நடக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் தமது பிரிவில் குடியிருக்கும் தம்பதிகளையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார். மூன்று மாதம் மன்னாரிலும் மூன்று மாதம் புத்தளத்திலும் இருக்கும் தாய் எந்தப் பதிவேட்டில் இருப்பார்? இங்கே கேட்டால் "அங்கே போய்விட்டார்" என்பார்கள். அங்கே கேட்டால் "ஊருக்குப் போய்விட்டார்" என்பார்கள். மன்னார் வட மாகாணத்தில். புத்தளம் வடமேல் மாகாணத்தில். இரண்டு மாகாணம், இரண்டு நிருவாகம். இரண்டுக்கும் நடுவில் விழும் குடும்பத்தை யாராவது ஒருவர் ஒரு மேசையில் வைத்துப் பேசவேண்டும். அந்த மேசையின் தலைமாட்டில் இருப்பவர்தான் தலைவர்.

சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. 1950 இல் அவுஸ்திரேலிய வைத்தியரான கம்ஸ்டன் இலங்கையின் சுகாதார நிருவாகத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1952 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் வந்தது. பிராந்திய ஆஸ்பத்திரிச் சபைகளையும் ஆஸ்பத்திரிக் குழுக்களையும் அமைக்க அந்தச் சட்டம் இடம் வைத்தது. ஆஸ்பத்திரியை வைத்தியரும் திணைக்களமும் மட்டும் பார்த்தால் போதாது, ஊராரும் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்தன. போதனா வைத்தியசாலைகளையும் விசேட தேவைகளுக்கான வைத்தியசாலைகளையும் தவிர்ந்த ஏனைய பொது ஆஸ்பத்திரிகள், கிராமிய ஆஸ்பத்திரிகள், மகப்பேற்று இல்லங்கள், மருந்தகங்கள் மாகாணத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டன. மாவட்டத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருக்குக் கீழே ஒவ்வொரு பிரிவிலும் சுகாதார வைத்திய அதிகாரி என்பது இன்றைய ஒழுங்கு. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சுகாதார அமைச்சர் ஒருவர் இல்லாத காலத்தில், ஆஸ்பத்திரி மட்டத்தில் ஊரார் இருக்கும் குழுவின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

இன்று இக்குழுக்கள் பெரும்பாலும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு, நோயாளர் நலன்புரிச் சங்கம் என்ற பெயர்களில் இயங்குகின்றன. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: தலைமைக் கதிரையில் யார்?

வயலில் கற்ற பாடம்

கமக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தண்ணீரை யார் பங்கிடுவது என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரு காலத்தில் வட்ட விதானை வாய்க்காலுக்குப் பொறுப்பாக இருந்தார். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்தப் பொறுப்பைக் கமக்காரர் தாமே தெரிந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது. பின்னர் 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்கள் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, அமைச்சர் நியமிக்கும் உறுப்பினர்களை வைத்தன. 1977 இல் ஆட்சி மாறியதும் அக்குழுக்கள் செயலிழந்தன. மேலேயிருந்து வைக்கப்பட்டவர்கள் மேலே காற்று மாறியதும் போய்விட்டார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஊரார் சேர்ந்து தெரிந்தெடுக்காத தலைவரை ஊரார் காப்பாற்றவும் மாட்டார்கள். மற்றது, தெரிவு மட்டும் போதாது. துரிசு எப்போது திறக்கவேண்டும், கடைமடைக் காணிக்கு எத்தனை நாளில் தண்ணீர் போய்ச் சேரும் என்று தெரியாதவரை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாய்க்காலுக்குப் பொறுப்பாக வைக்கமாட்டோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் வைக்கிறோம்?

வேறு தீவுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

ஸ்கொட்லாந்தில் அரசாங்க சுகாதார சேவையை 14 பிராந்தியச் சபைகள் நடத்துகின்றன. அவற்றுள் ஓர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் ஆகிய மூன்றும் தீவுகளுக்கென்றே உள்ளவை. சனத்தொகை குறைவு, கடல் நடுவில், பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் என்ற நிலைமை மன்னாருக்கும் பழக்கமானதுதான்.

அங்கே சபையின் தவிசாளர் பதவி வெற்றிடமானால் பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். வேலை என்ன, மாதத்தில் எத்தனை நாள் தேவை, என்ன தகைமை என்று எழுதி விண்ணப்பம் கோருகிறார்கள். ஒரு தெரிவுக் குழு விண்ணப்பங்களைப் பார்த்து, நேர்முகம் நடத்துகிறது. நியமனம் செய்வது அமைச்சர். ஆனால் அவர் விரும்பியவரை விரும்பியபடி வைக்க முடியாது. தெரிவு முறையைக் கண்காணிக்கத் தனியாக ஓர் ஆணையாளர் இருக்கிறார். தவிசாளர் வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. அன்றாட நிருவாகத்தைச் செய்வது சம்பளம் பெறும் பிரதான நிறைவேற்று அதிகாரி. அவரிடம் கேள்வி கேட்பதும், சபையை நெறிப்படுத்துவதும் தவிசாளரின் வேலை.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. 1990களின் முற்பகுதியில் பிரித்தானியாவில், பொதுச் சபைப் பதவிகள் ஆளும் கட்சிக்கு வேண்டியவர்களுக்கே போகின்றன என்ற குறை பலமாக எழுந்தது. 1994 இல் நோலன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1995 இல் அது பொதுப் பதவியில் இருப்போருக்கு ஏழு பண்புகளை வகுத்துக் கொடுத்தது: தன்னலமின்மை, நேர்மை, பாரபட்சமின்மை, பொறுப்புக்கூறல், வெளிப்படை, உண்மை, தலைமைத்துவம். அதே ஆண்டில்தான் பொது நியமனங்களுக்கான ஆணையாளர் பதவியும் உருவானது. நம் ஊரில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. முறையிட்டார்கள்; முறை மாறியது.

இதற்கு முன்பே, 1978 செப்டெம்பரில், அல்மா ஆட்டா நகரில் கூடிய நாடுகள் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புப் பற்றி ஒரு பிரகடனம் செய்தன. சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அது கூறியது. உரிமை என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். கடமை என்ற சொல்லையும் சேர்த்துப் படிப்போம்.

தலைவரின் வேலை எது, எது அல்ல?

தலைவர் வைத்தியருக்குக் கட்டளையிடுபவர் அல்ல. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று சொல்பவர் அல்ல. தமது உறவினரை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் விடுபவரும் அல்ல. அவருடைய வேலைகள் இவை:

1. கூட்டம் குறித்த நாளில் நடக்கச் செய்தல். நிகழ்ச்சி நிரலைச் செயலாளருடன் சேர்ந்து முன்கூட்டியே எழுதி ஒட்டுதல்.

2. பேசாதவர்களைப் பேசவைத்தல். கிளினிக்குக்கு வரும் தாய், சிற்றூழியர், தூரக் கிராமத்தவர் ஆகியோர் சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்றுதல்.

3. கடந்த கூட்டத்தில் தீர்மானித்தது நடந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டல்.

4. சேர்ந்த பணத்துக்கும் செலவுக்கும் கணக்கைப் பகிரங்கமாக வைத்தல்.

5. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அறிந்து தட்டுதல்.

ஐந்தாவது முக்கியமானது. வைத்தியரின் நியமனமும் இடமாற்றமும் கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சின் கையில். கட்டடத் திருத்தம், வாகனம் போன்றவற்றுக்குப் பிராந்தியப் பணிப்பாளரிடம் போகவேண்டும். குப்பை, வடிகால், பொதுக் கிணறு என்றால் பிரதேச சபை. குழாய் நீர் என்றால் நீர் வழங்கல் சபை. இதை அறியாத தலைவர், வைத்தியர் இல்லை என்று பிரதேச சபையிடமும், குப்பை எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்.

ஓர் உதாரணம் பாருங்கள். உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் 2012 இன் பின் 2016 வரை இலங்கையில் காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு முடியும் வேளையில், இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே? மன்னார்த் தீவின் கிணறுகளில். இந்த நுளம்பு குளத்தையும் வயலையும் தேடிப் போகவேண்டியதில்லை. வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். ஆள் திரும்பாத வளவுகளில் மூடாமல் கிடக்கும் கிணறுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றின் சொந்தக்காரர் பலர் புத்தளத்தில். அவர்களுக்குச் சொல்லி, அவர்களின் சம்மதத்தோடு அக்கிணறுகளைப் பார்க்கச் செய்வது வைத்தியரால் மட்டும் ஆகுமா? இரண்டு ஊரிலும் முகம் தெரிந்த ஒரு தலைவரால் ஆகும்.

ஆளைத் தேடும் முறை

முதலில் வேலையை எழுதுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள். ஆளை முதலில் வைத்தால், வேலை அவருக்கு வசதியானபடி சுருங்கிவிடும்.

இரண்டாவது, தகைமையைக் குறைவாகவும் தெளிவாகவும் வையுங்கள். படித்த பட்டம், வசதி, வாகனம் ஆகியவை தகைமை அல்ல. கணக்கு வாசிக்கத் தெரிதல், ஒரு கடிதம் எழுத அல்லது எழுதுவிக்கத் தெரிதல், மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒதுக்க முடிதல், எல்லாச் சமயத்தாரோடும் பேசிப் பழகுதல் போன்றவையே தகைமை. எருக்கலம்பிட்டியைச் சுற்றித் தாராபுரம், புதுக்குடியிருப்பு, தோட்டவெளி என்று முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் வாழ்கிறார்கள். காய்ச்சல் சமயம் பார்த்து வருவதில்லை.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிய அறிவியுங்கள். ஆஸ்பத்திரி வாசல், பள்ளிவாசல், தேவாலயம், கோவில், கூட்டுறவுக் கடை, கிராம அலுவலர் அலுவலகம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். புத்தளத்தில் நம் மக்கள் இருக்கும் குடியிருப்புகளிலும் ஒட்டுங்கள். குறைந்தது மூன்று கிழமை அவகாசம் கொடுங்கள்.

நான்காவது, தெரிவுக்கு ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒருவர் ஊருக்கு வெளியேயிருந்து, யாருக்கும் உறவில்லாதவராக வரட்டும். விண்ணப்பித்தவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். "வைத்தியர் சொல்வதும் மக்கள் சொல்வதும் முரண்பட்டால் என்ன செய்வீர்கள்?" "உங்கள் உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டட வேலைக்குக் கேள்விமனு போட்டால் என்ன செய்வீர்கள்?" இவ்விரண்டு கேள்விகளுக்கும் வரும் பதிலே ஆளைக் காட்டிவிடும்.

ஐந்தாவது, தொடர்புகளை முதலிலேயே சொல்லச் செய்யுங்கள். மருந்துக்கடை வைத்திருப்பது குற்றமல்ல. ஒப்பந்தகாரராக இருப்பதும் குற்றமல்ல. அதை மறைப்பதுதான் குற்றம். தமக்கு ஆதாயம் உள்ள விடயம் பேசப்படும்போது தலைவர் எழுந்து வெளியே போகவேண்டும். இல்லாவிட்டால் வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதையாகிவிடும்.

ஆறாவது, காலத்தை வரையறுங்கள். மூன்று ஆண்டு, மீண்டும் ஒரு முறை, அத்துடன் போதும். காரணமின்றி மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் கதிரை வெறுமையானதாகக் கருதப்படவேண்டும். இதை யாப்பில் எழுதிவிட்டால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏழாவது, பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டையும் குழு கொடுக்கட்டும். இலவச சேவை என்று சொல்லிச் செலவையும் அவர் தலையில் கட்டினால், வசதியுள்ளவர் மட்டுமே தலைவராக முடியும். கூலிக்குப் போகும் ஒரு பெண் இந்தக் கதிரையில் இருக்கவேண்டுமானால், கூட்ட நேரமும் அவருக்கேற்றதாக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு அதிகம் வருபவர்கள் தாய்மார். அவர்களில் ஒருவர் தலைவராவதற்கு நாம் கண்டுபிடிக்கும் தடைகளில் பல, நேரமும் பஸ் காசும்தான்.

புத்தளத்தில் இருப்பவர்களின் இடம்

இதில்தான் மனத்தாங்கல் வருகிறது. "இங்கே வந்து கஷ்டப்படுவது நாங்கள், அங்கேயிருந்து அவர்கள் ஏன் தீர்மானிக்கவேண்டும்?" என்று திரும்பியவர்கள் கேட்கிறார்கள். "எங்கள் ஊர், எங்கள் காணி, எங்களை ஏன் ஒதுக்குகிறீர்கள்?" என்று அங்கே இருப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு.

எமது கருத்து இது. தலைவர் ஆஸ்பத்திரிக்கு அருகில் வாழ்பவராக இருக்கவேண்டும். இரவில் ஒரு பிரச்சினை என்றால் நடந்து வரக்கூடியவராக, அதே வாட்டில் தாமும் படுக்க நேரக்கூடியவராக இருக்கவேண்டும். ஆனால் குழுவில் இரண்டு இடங்களைப் புத்தளத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒதுக்கவேண்டும். காரணம் தயவு அல்ல. இரண்டு மாகாணங்களின் பதிவேடுகளையும் ஒப்பிட்டு, நடுவில் விழுந்த தாய்மாரையும் தடுப்பூசி தவறிய குழந்தைகளையும் கண்டுபிடிக்க அவர்களால்தான் முடியும். மேலும், திரும்பலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் யோசிக்கும்போது முதலில் கேட்பவை பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான். தான் அமர்ந்து பேசிய ஆஸ்பத்திரியை நம்பித்தான் ஒரு தாய் பிள்ளைகளோடு திரும்பி வருவாள்.

தலைவர் கேட்டும் பதில் வராவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, வெற்றிடங்கள் எத்தனை என்று கேட்பதற்கு யாருடைய சிபார்சும் தேவையில்லை.

மாதிரி அறிவித்தல்

"எமது வைத்தியசாலைக் குழுவுக்குத் தலைவர் ஒருவர் தேவை. ஆண், பெண் இருபாலாரும் விண்ணப்பிக்கலாம். மாதம் ஒரு கூட்டமும், அலுவலகங்களுக்குப் போய்வர இரண்டு நாட்களும் தேவைப்படும். சம்பளம் இல்லை, போக்குவரத்துச் செலவு தரப்படும். காலம் மூன்று ஆண்டுகள். எழுத இயலாதவர்கள் நேரில் வந்து சொல்லலாம், செயலாளர் எழுதிக்கொள்வார். விண்ணப்பித்தவர்களின் பெயர்களும் தெரிவுக்கான காரணமும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும்."

இதை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வசனத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர் யார்? அவர் எப்படித் தெரிவானார் என்று கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2. கடந்த ஓராண்டில் அக்குழு எடுத்த தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை?

3. உங்கள் குடும்பத்துக் குழந்தைகள் எந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருக்கிறார்கள்? இன்றே கேட்டு அறியுங்கள்.

4. இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் யாரும் முன்மொழியாத, ஆனால் இந்த வேலைக்கு ஏற்ற ஒருவர் இருக்கிறாரா? அவரிடம் யார் போய்ப் பேசுவது?